வந்தவரும் இருந்தவரும்

(ஸ்ரீவராகத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் பேசிச் சென்ற மேடை இது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடும் பேரேடுகளோடும் நாளைக் கழித்துவரும் என்னை இங்கே நிறுத்தியது செயலாளர் அவர்களின் அன்பேயன்றி என் தகுதியன்று. இலக்கியத்தில் ஆழ்ந்து பேச என்னால் இயலாது. ஆயினும், ஊர்விட்டு ஊர் வரும் மக்களைப் பற்றிச் சில சொல்ல என் தொழில் எனக்கு இடந்தருகிறது. மூட்டையும் கையுமாக வண்டியிலிருந்து இறங்கி, எத்திசை செல்வதென்று அறியாமல் திகைத்து நிற்கும் முகங்களை இருபதாண்டுக் காலமாகக் கண்டுவருபவன் நான். அத்தகையோரைப் பற்றியும், அவர்களுக்கு முன்னே வந்து நிலைபெற்றுவிட்ட நம்மைப் பற்றியும் சிறிது பேச விழைகிறேன்.

நாம் வந்த வழி

திருவனந்தபுரத்துத் தமிழர் எல்லாரும் ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் வந்தவர் அல்லர். கோவில் பணிக்கும் அரண்மனைப் பணிக்கும் வந்து, கோட்டையிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தெருத்தெருவாகக் குடியமர்ந்தோர் ஒரு சாரார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை அமைத்தபின், பலசரக்கும் துணியும் பாத்திரமும் விற்க வந்த வணிகர் மற்றொரு சாரார். சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் (1829–1846) தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு இவ்வூருக்கு வந்தார். வெளியூர் வித்துவான் என்று மன்னர் அவரை வாசலில் நிறுத்தவில்லை. தந்தத்தாலான வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்துச் சிறப்பித்தார்.

இருப்புப்பாதை வந்தபின் வரவு பெருகிற்று. 1904ஆம் ஆண்டு செங்கோட்டை மலைவழியே கொல்லத்துக்குப் பாதை திறந்தது. 1918இல் அது திருவனந்தபுரத்தை எட்டியது. இன்றைய சென்ட்ரல் நிலையம் 1931இல் எழுந்தது. நாகர்கோவிலிலிருந்து வரும் பாதையோ 1979ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அப்பாதைக்கு மண் சுமந்து கல் பரப்பிய கூலியாட்களுள் என் தந்தையாரும் ஒருவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து, வேலை முடிந்தால் திரும்பிவிடுவோம் என்றெண்ணி வந்தவர், திரும்பவேயில்லை. இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய குடும்பக் கதையும் ஏறத்தாழ இதுவே. அர்ச்சகராக வந்தாலென்ன, அண்ணாச்சிக் கடைக்கு வந்தாலென்ன, மண்வெட்டியோடு வந்தாலென்ன? பிழைப்பைத் தேடி வந்தோம் என்பதில் நமக்குள் வேற்றுமை யாதுமில்லை.

வந்தவர்கள் வாங்கிக்கொண்டதோடு நின்றார்களா? கொடுக்கவும் செய்தார்கள். ஆலப்புழையில் பிறந்து, இவ்வூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891ஆம் ஆண்டு மனோன்மணீயம் என்னும் நாடக நூலை வெளியிட்டார். அந்நூலின் தமிழ்த்தெய்வ வணக்கமே 1970ஆம் ஆண்டு தமிழக அரசின் விழாக்களுக்குரிய தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டு, 2021ஆம் ஆண்டு மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு முழுதும் எழுந்து நின்று பாடும் பாட்டு, தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே, இந்த நகரத்தில் வாழ்ந்தவர் இயற்றியது! நம் காலத்தில், சாலைத் தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் சுமைதூக்குவோரையும் எளியோரையும் கதைகளாக்கிய ஆ. மாதவன் அவர்கள் 2015ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றார். குடிபெயர்ந்தோர் நாட்டுக்குச் சுமை என்று எவரேனும் சொன்னால், இவ்விருவர் பெயரையும் சொன்னாலே போதும்.

நகராமலே அயலாரானோர்

வந்தேறியவர் மட்டுமே அயலார் எனப்படுவர் என்று எண்ணவேண்டா. தன் வீட்டுத் திண்ணையை விட்டு நகராதவனும் ஒருநாள் காலையில் அயலானாகிவிடக்கூடும். தென் திருவிதாங்கூர்த் தமிழர் தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டுமென்று திரு. நேசமணி அவர்கள் தலைமையில் போராடினர். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. 1956 நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கோரிக்கையில் இருந்த தேவிகுளம், பீருமேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே தங்கின. மக்கள் நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது. கோட்டுக்கு இப்புறம் தங்கிய தமிழரும், அப்புறம் தங்கிய மலையாளிகளும் ஒரே இரவில் சிறுபான்மையினர் ஆயினர்.

கடல் கடந்து சென்ற நம்மவர் கதை இதனினும் கொடிது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைத் தம் வியர்வையால் விளைவித்த மலையகத் தமிழரை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. எங்கே வாழ விரும்புகிறாய் என்று அவர்களைக் கேட்டறியாமல், இரு அரசுகளும் எண்ணிக்கை பேசிப் பிரித்துக்கொண்டன. அவ்வாறு வந்தோரிற் சில குடும்பங்களுக்காகவே நம் மாநிலத்துப் புனலூரில் இரப்பர் மறுவாழ்வுத் தோட்டம் உண்டாக்கப்பட்டது. இலங்கையில் அவர்கள் 'இந்தியர்'. இந்தியாவுக்கு வந்ததும் 'சிலோன்காரர்'. எந்த மண்ணிலும் அவர்களுக்குச் சொந்தப்பெயர் கிடைக்கவில்லை.

சொல்லின் சூடு

பெயர் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பாண்டி என்பது முத்தும் சந்தனமும் தமிழும் செழித்த நாட்டின் பெயர். அந்த நல்ல பெயரே இங்கே இகழ்ச்சிச் சொல்லாக வழங்கியதை நம்மிற் பலர் அறிவோம். என் தந்தையார் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது, "பாண்டிக்காரர்களுக்கு வீடு கொடுப்பதில்லை" என்ற மறுமொழியை எத்தனையோ வாசல்களிற் கேட்டிருக்கிறார். நான் படித்த பள்ளியில் ஆசிரியர் ஒருவர், வருகைப் பதிவேட்டைப் படிக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததேயில்லை; "எடா, பாண்டி" என்றே அழைப்பார். அடித்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். அச்சொல்லோ இன்றும் ஆறவில்லை.

இதை மலையாள மக்கள் மீது குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. என் தந்தையாருக்கு முடிவில் வீடு கொடுத்து, முதல் மாத வாடகையைப் பொறுத்துக்கொண்டவரும் ஒரு மலையாள அம்மையார்தாம். மேலும், மலையாளிகளும் வேற்றூரில் இதே வெப்பத்தைத் தாங்கியவர்களே. 1966ஆம் ஆண்டு சிவசேனை தோன்றிய காலத்தில் பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக இயக்கம் நடந்தது. அங்கே தமிழனுக்கும் மலையாளிக்கும் கன்னடனுக்கும் ஒரே பட்டம், 'மதராசி' என்பதே. 2011ஆம் ஆண்டு இறுதியில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது இடுக்கியில் தமிழ்த் தொழிலாளரும், தமிழகத்தில் மலையாளிகளின் கடைகளும் தாக்குதலுக்கு உள்ளாகவில்லையா? அணையின் நீர்மட்டத்துக்கும், ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கும் பெண்ணுக்கும் யாது தொடர்பு?

ஒருமொழி பேசுவோருக்குள்ளும் பாகுபாடு இருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. கோவில்களுக்குள் மட்டுமன்று, கோவிலைச் சூழ்ந்த தெருக்களிலும் நடக்கக் கூடாதென்று மக்களில் ஒரு பெரும் பகுதியினரை விலக்கி வைத்த நாடு இது. 1924ஆம் ஆண்டு வைக்கத்தில் அறப்போர் தொடங்கியது. உள்ளூர்த் தலைவர்கள் சிறைப்பட்டபின், ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து அப்போரைத் தாங்கினார். திருவிதாங்கூர் அரசு அவரை இருமுறை சிறையிலடைத்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார். அயலூரிலிருந்து வந்த ஒருவர் இவ்வூர் மக்களின் உரிமைக்காகச் சிறை புகுந்தார் என்பதற்கு நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படுவோர்க்கு ஒரு கடமையும் உண்டு. அதற்கே வருகிறேன்.

இன்று வருவோர்

நான் சிறுவனாயிருந்தபோது இந்நகரில் சாலை வெட்டியவர், கட்டடம் எழுப்பியவர், கிணறு தோண்டியவர் பெரும்பாலும் தமிழர். இன்று அவ்விடங்களில் வங்காளி, ஒடியா, அசாமிய, இந்தி மொழிகளே ஒலிக்கின்றன. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. கேரளத்தில் குடும்பங்கள் சிறுத்தன, படித்த இளைஞர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர், கூலி உயர்ந்தது. வடகிழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தியதும், அங்கு ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன. அத்தொழில் பழகியோர் பெரும்பாவூருக்கு வந்தனர். முன்னே வந்தவர் பின்னே இருப்போரை அழைத்தனர். திப்ருகட்டிலிருந்து கன்னியாகுமரி வரை 4,100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் விவேக் விரைவு வண்டி 2011ஆம் ஆண்டு தொடங்கியது. முன்பதிவற்ற பெட்டியில் மூன்று இரவுகள் உட்கார்ந்தே வந்து நம் நிலையத்தில் இறங்குவோரின் வீங்கிய கால்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் நகரிலேயே உள்ள குலாட்டி நிதி வரியியல் நிறுவனம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, கேரளத்தில் உள்ள வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர் என மதிப்பிட்டது. இதே நகரின் வளர்ச்சி ஆய்வு மையம் 2018ஆம் ஆண்டு நடத்திய கணக்கெடுப்பு, அயல்நாடுகளில் வாழும் கேரளத்தார் ஏறத்தாழ 21 லட்சம் எனக் கண்டது. இவ்விரு எண்களையும் ஒருசேர வைத்துப் பாருங்கள். முன்வாசல் வழியே நம் பிள்ளைகள் துபாய்க்கும் தோகாவுக்கும் செல்கிறார்கள். பின்வாசல் வழியே முர்ஷிதாபாத்திலிருந்தும் கஞ்சத்திலிருந்தும் பிறர் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே நம் பிள்ளைகளை எப்படி நடத்தவேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ, அதுவே இங்கே பிறர் பிள்ளைகளை நடத்துவதற்குரிய அளவுகோல் அன்றோ?

இவர்களுக்கு ஊரார் வைத்திருக்கும் பொதுப்பெயர் 'பங்காளி'. வங்காளத்தைக் கண்ணாலும் காணாத பீகாரியும், அசாமியனும், ஒடியாக்காரனும் மலையாள வழக்கில் பங்காளிதான். ஆனால் நம் தமிழில் பங்காளி என்றால் யார்? பாட்டன் சொத்தில் பங்குடையவன். வீட்டில் சாவு விழுந்தால் தீட்டுக் காக்க வேண்டியவன். பகைத்தாலும் விலக்க முடியாதவன். இகழ்ச்சியாக எறியப்படும் அச்சொல் நம் காதில் விழும்போது, உறவின் பெயராகவே விழவேண்டும். இந்த நாட்டின் உழைப்பிலும் உரிமையிலும் அவர்கள் மெய்யாகவே நம் பங்காளிகள்.

அரசு செய்தவற்றையும் சொல்வது முறை. வெளிமாநிலத் தொழிலாளருக்கென 2010ஆம் ஆண்டிலேயே கேரளம் நலத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டு 'ஆவாஸ்' என்னும் காப்பீட்டுத் திட்டம் வந்தது. எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்னும் பெயரில் அவர்களுக்கு மலையாளம் கற்பிக்கத் தொடங்கியது. 'அதிதித் தொழிலாளி', அதாவது விருந்தினர், என்று அரசு ஏடுகள் மரியாதையாக எழுதுகின்றன. நல்ல சொல்லே. ஆயினும் விருந்தினன் என்றாவது ஒருநாள் புறப்பட்டுப் போகவேண்டியவன் என்ற குறிப்பும் அதனுள் இருக்கிறது. மூன்று தலைமுறை இருந்துவிட்ட நம்மை எவரேனும் விருந்தினர் என்றழைத்தால் நமக்கு இனிக்குமா?

இருவகைச் செய்திகளையும் இந்த மாநிலம் கண்டிருக்கிறது. 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் கிழிசேரியில் பீகார்த் தொழிலாளி ஒருவர், திருட வந்தவர் என்ற ஐயத்தின் பேரில் அடித்துக் கொல்லப்பட்டார். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் சிக்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவரைக் காப்பாற்ற, வழியே சென்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உள்ளே இறங்கித் தம் உயிரையும் கொடுத்தார். அவ்விருவர் எம்மொழியினர் என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டு பெருவெள்ளத்தின்போது கண்ணூர் மாவட்டத்தில், விற்பதற்குக் கொண்டுவந்த 50 கம்பளிகளை நிவாரண முகாமுக்கு வழங்கியவர் ஒரு மத்தியப் பிரதேச வியாபாரி. 2020ஆம் ஆண்டு மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் பட்டத் தேர்வில், தொல்லியலும் வரலாறும் படித்து முதலிடம் பெற்றவர், பீகாரிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் மகள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் பிள்ளைகள் ஏறிய அதே படிக்கட்டில் இன்று அவர்கள் ஏறுகிறார்கள்.

நம் முன்னுள்ள தீர்மானம்

இத்தனையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம்மிற் பலர் உறுப்பினராயுள்ள குடியிருப்போர் சங்கம் ஒன்றில், அடுத்த மாதம் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. வடமாநிலத் தொழிலாளர்க்கு எவரும் வீடு வாடகைக்கு விடலாகாது என்பதே அத்தீர்மானம். ஒரு வீட்டில் எரிவாயு உருளை காணாமற்போயிற்று; அதிலிருந்து பேச்சு கிளம்பிற்று. எடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தீர்மானம் மட்டும் தயாராகிவிட்டது. அதை ஆதரித்து உரக்கப் பேசியோருள் நம் தமிழன்பர்களும் இருக்கிறார்கள் என்று கேள்வியுற்றபோது, என் தந்தையார் நின்ற வாசல்கள் என் நினைவுக்கு வந்தன.

அவர்கள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. "ஒரே அறையில் பத்துப் பேர் தங்குகிறார்கள், தூய்மை கெடுகிறது" என்கிறார்கள். மெய்தான். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கினால், தலைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது வீட்டுக்காரரேயன்றி வாடகைக்கு இருப்பவர் அல்லரே! அறைக்கு இத்தனை பேர், கழிப்பறை இத்தனை என்று வீட்டுக்காரருக்கு விதி வகுப்போம். "குற்றம் பெருகுகிறது" என்கிறார்கள். குற்றம் செய்தவன் எவனாயினும் காவல் நிலையத்தில் ஒப்படைப்போம். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் மொழி பேசுவோர் அனைவரையும் தெருவில் நிறுத்துவது எந்த நாட்டு நீதி? "அவர்கள் மொழி நமக்குப் புரியவில்லை" என்கிறார்கள். நம் பாட்டன்மாரின் மொழி இவ்வூராருக்கு முதல் நாளே புரிந்ததா?

வதந்தி என்ன செய்யும் என்பதைத் தமிழகமே கண்டது. 2023 மார்ச்சு மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய்ப்படங்கள் கைப்பேசிகளில் பரவின. ஆலைகளில் வேலைபார்த்த எளியோர் அஞ்சி ஊர் திரும்ப இரயில் நிலையங்களில் குவிந்தனர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது. பொய் என்று தெளிந்தது. ஆனால் தெளிவதற்குள் அவர்கள் பட்ட அச்சம் பொய்யன்று.

நம் அரசியலமைப்புச் சட்டம், இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. 1956ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. தமிழ்ப் பள்ளி வேண்டும், தமிழாசிரியர் வேண்டும், தமிழில் விண்ணப்பம் வேண்டும் என்று நாம் மனு எழுதும்போதெல்லாம் இப்பிரிவையே கைகாட்டுகிறோம். கேட்பது நம் உரிமை. அதை ஒருநாளும் விடவேண்டா. ஆனால் இடக்கையால் அச்சட்டத்தை உயர்த்திப் பிடித்து, வலக்கையால் அடுத்தவன் முகத்தில் கதவைச் சாத்தினால், நம் மனுவுக்கு என்ன மதிப்பிருக்கும்?

நாம் செய்யத்தக்கவை

பெரிய திட்டங்களைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நம் கைக்கு எட்டும் சிலவற்றையே சொல்கிறேன்.

முதலாவது, அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாம் அனைவரும் செல்வோம். அத்தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்குவோம். தமிழர்கள் வரிசையாக எழுந்து, "இது எங்கள் தந்தையருக்கு நேர்ந்தது, பிறர்க்கு நேர விடமாட்டோம்" என்று சொன்னால், அச்சொல்லுக்கு வேறெவர் சொல்லுக்கும் இல்லாத வலிமை உண்டு.

இரண்டாவது, நம் வீட்டுக்கு வேலைக்கு வருபவரின் பெயரைக் கேட்டு, அப்பெயராலேயே அழைப்போம். குழந்தைகள் நம் வாயிலிருந்தே சொற்களைப் பொறுக்குகின்றன. தனிக் குவளையும் வாசற்படியில் சோறும் நம் வீடுகளில் வேண்டா.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம் சங்கக் கட்டடம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. இரண்டு மணி நேரம் அதைத் திறந்துவைத்தால், படிவம் நிரப்பவும், வங்கிக் கணக்குத் தொடங்கவும், பயணச்சீட்டு முன்பதிவு செய்யவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் அவர்களுக்கு உதவலாம். பயணச்சீட்டுக் காரியத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். வேறு மூவர் முன்வந்தால் போதும்.

நான்காவது, நம் பிள்ளைகள் தமிழையும் மலையாளத்தையும் குறைவறக் கற்கட்டும். பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டபோது நம்மிற் சிலர் கலங்கினர். இருந்த மண்ணின் மொழியைக் கற்பது தாய்மொழிக்குத் துரோகமாகாது. தாய்மொழியைக் கைவிடுவதே துரோகம். ஸ்ரீ நாராயண குரு தமிழிலும் பாடினார். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்திலும் தந்தார். அவர் நடந்த வழியில் நம் பிள்ளைகளும் நடக்கட்டும்.

அன்பர்களே! ஊரெல்லாம் தம் ஊராகவும், மாந்தரெல்லாம் தம் உறவாகவும் கண்ட கணியன் பூங்குன்றனாரின் பாட்டை நாம் ஒவ்வோராண்டும் இம்மேடையில் முழங்குகிறோம். பிறர் ஊரில் நமக்கு இடம் வேண்டும்போது அப்பாட்டு நமக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது. நம் தெருவில் பிறருக்கு இடம் வேண்டும்போதும் அது நினைவுக்கு வரவேண்டும். இருந்தவர் இடங்கொடுத்ததால் வந்தவராகிய நாம் வாழ்ந்தோம். இன்று நாம் இருந்தவர். வாசலில் வேறொருவர் நிற்கிறார். கதவு நம் கையில் இருக்கிறது.